வீட்டு ரேடியோவில் நமக்கு வேண்டிய பாட்டு: சிறிய எஃப்எம் டிரான்ஸ்மிட்டரைப் பொருத்துவது எப்படி?

வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கைப்பேசியில் எவ்வளவு பாட்டு ஏற்றிக் கொடுத்தாலும் அவர்கள் அதைத் தொட மாட்டார்கள். புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தால் சார்ஜ் தீர்ந்து அலமாரி மேல் கிடக்கும். ரேடியோ மட்டும்தான் கைக்குப் பழகிய பொருள். குமிழைத் திருகினால் சத்தம் வரும், மறுபக்கம் திருகினால் நிற்கும். அந்த ரேடியோவிலேயே பழைய பாட்டு, சொற்பொழிவு, உறவினர் பேசி அனுப்பிய குரல் பதிவு எல்லாவற்றையும் வரவைக்கலாம். அதற்கு ஒரு சிறிய எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் போதும்.

என் மாமியாருக்காக கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் தெரஸ் வீட்டில் இதைப் பொருத்தினேன். சமையலறையில் ஒரு ரேடியோ, அத்தையின் அறையில் ஒன்று. இரண்டிலும் ஒரே பாட்டு ஒரே நேரத்தில் வர வேண்டும். வேலை சின்னதுதான். ஆனால் கடைக்காரர்கள் சொன்னது ஒன்று, வீட்டில் நடந்தது வேறொன்று. எதைக் கேட்டு வாங்குவது, எந்த அலைவரிசையில் வைப்பது, சட்டம் என்ன சொல்கிறது என்று தமிழில் ஒரே இடத்தில் எங்கும் கிடைக்கவில்லை. நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்பதற்காக வரிசையாக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சக்தி அதிகமுள்ள பெட்டி வாங்கினால் பிரச்சினை தீரும் என்று பலரும் சொல்வார்கள். தீராது. சரியான அலைவரிசையும் சரியான இடமும் கிடைத்துவிட்டால் மிகக் குறைந்த சக்தியே ஒரு வீட்டுக்குப் போதும்.

1. உங்கள் வீட்டுக்கு இது பொருந்துமா?

டிரான்ஸ்மிட்டர் செய்வது இவ்வளவுதான்: கைப்பேசியிலிருந்தோ மெமரி கார்டிலிருந்தோ வரும் ஒலியை எஃப்எம் அலையாக மாற்றி, சில மீட்டர் தூரத்துக்கு அனுப்பும். அந்தத் தூரத்துக்குள் இருக்கும் எந்த எஃப்எம் ரேடியோவும் அதைப் பிடிக்கும். ரேடியோவில் புளூடூத் வேண்டாம், இணையம் வேண்டாம், கம்பி இழுக்கவும் வேண்டாம்.

இரண்டு மூன்று அறைகளில் ரேடியோ இருந்து, எல்லாவற்றிலும் ஒரே ஒலி வேண்டும் என்றால் இது நல்ல வழி. ஒரே ஒரு ரேடியோதான், அதிலும் வெளியிலிருந்து ஒலி கொடுக்கும் ஆக்ஸ் துளை இருக்கிறது என்றால் டிரான்ஸ்மிட்டரே தேவையில்லை. ஒரு 3.5 மில்லிமீட்டர் கம்பி போதும், ஒலியும் அதில் இன்னும் சுத்தமாக வரும். ரேடியோவின் பின்பக்கத்தை முதலில் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

இன்னொன்று, இது ரகசியமான வழி அல்ல. அலை சுவரைத் தாண்டும். பக்கத்து வீட்டில் யாராவது அதே எண்ணில் ரேடியோவை வைத்தால் அவர்களுக்கும் கேட்கலாம். அதனால் குழந்தை அறையில் மைக் வைத்துக் கேட்பது, தொலைபேசிப் பேச்சை ரேடியோவில் விடுவது போன்றவற்றுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள்.

2. வாங்கும் முன் சட்டம், லேபல்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். மலேசியாவில் அலைவரிசைகளைக் கவனிப்பது எம்சிஎம்சி என்று எல்லாரும் சொல்லும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம். 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் இதற்கான அடிப்படை. அனுமதி இல்லாமல் அலைவரிசையைப் பயன்படுத்துவது குற்றம். அபராதமும் உண்டு, சிறையும் உண்டு.

அப்படியானால் வீட்டில் ஒரு சின்னப் பெட்டி வைப்பதற்கும் உரிமம் எடுக்க வேண்டுமா? குறுகிய தூரம் மட்டும் எட்டும் குறைந்த சக்திக் கருவிகளுக்காக வகுப்பு ஒதுக்கீடு என்று ஒரு பொது அனுமதியை ஆணையம் வைத்திருக்கிறது. அதன் நிபந்தனைகளுக்குள் இருக்கும் கருவிக்கு ஒவ்வொருவரும் தனியாக உரிமம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கருவி இங்கே சான்று பெற்றதாக இருக்க வேண்டும். சான்று கொடுப்பது ஷா ஆலமில் இருக்கும் சிரிம்.

ஆகவே கடையில் பெட்டியைக் கையில் எடுத்ததும் எம்சிஎம்சி லேபல் இருக்கிறதா என்று பாருங்கள். கருவியின் மேல் இருக்கலாம், அட்டைப் பெட்டியின் மேலும் இருக்கலாம். லேபலில் உள்ள எண்ணை ‘செக் யுவர் லேபல்’ என்ற கைப்பேசிச் செயலியில் போட்டுப் பார்த்தால் அது உண்மையானதா, எந்தக் கருவிக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். சில நேரம் லேபல் உண்மையாக இருக்கும், ஆனால் வேறொரு கருவிக்குக் கொடுத்ததாக இருக்கும். மாடல் எண்ணும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

“சிஇ முத்திரை இருக்கு, எஃப்சிசி முத்திரை இருக்கு, அதுவே போதும்” என்று விற்பவர்கள் சொல்வார்கள். சிஇ ஐரோப்பாவுக்கு, எஃப்சிசி அமெரிக்காவுக்கு. இங்கே அவை லேபலுக்கு ஈடாகாது.

வைத்துக்கொள்ள வேண்டிய தாள்கள் குறைவுதான்: வாங்கிய ரசீது, லேபலின் தெளிவான படம், இணையத்தில் வாங்கினால் பொருளின் விவரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட். மூன்றையும் கைப்பேசியில் ஒரே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். யாராவது கேட்டால் காட்ட இது உதவும். பொருள் கோளாறு என்று திருப்பி அனுப்பவும் இவைதான் தேவைப்படும்.

3. எந்த வகைப் பெட்டி, என்ன விலை

சந்தையில் மூன்று வகை இருக்கின்றன.

முதலாவது, காரில் சிகரெட் லைட்டர் துளையில் செருகுவது. எங்கும் கிடைக்கும், 20 முதல் 50 வெள்ளிக்குள் (ரிங்கிட்) வாங்கிவிடலாம். வீட்டில் இதைப் பயன்படுத்த 12 வோல்ட் அடாப்டரும், லைட்டர் துளை உள்ள ஒரு சாக்கெட்டும் தனியாக வேண்டும். அது இன்னொரு 20, 30 வெள்ளி. இந்த வகையில் பெரும்பாலானவற்றுக்கு எட்டும் தூரம் மிகக் குறைவு. காரில் பக்கத்திலேயே இருக்கும் ஆன்டெனாவுக்காகச் செய்ததுதானே. ஒரே அறைக்கு என்றால் சரி.

இரண்டாவது, யூஎஸ்பியில் ஓடும் அல்லது பேட்டரி உள்ள சின்ன டிரான்ஸ்மிட்டர். 3.5 மில்லிமீட்டர் கம்பி வழியாகக் கைப்பேசியோடு சேரும். சிலவற்றில் மெமரி கார்டு போடும் துளையும் இருக்கும். ஏறக்குறைய 40 முதல் 90 வெள்ளி. வீட்டுக்கு நான் சொல்வது இதைத்தான். மெமரி கார்டு உள்ளதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. ஏன் என்று 7ஆம் பகுதியில் சொல்கிறேன்.

மூன்றாவது, நீண்ட ஆன்டெனாவோடு வரும் மேசைப் பெட்டி. அரை வாட், ஒரு வாட், ஏழு வாட் என்று விளம்பரத்தில் எழுதியிருப்பார்கள். தேவாலயத்துக்கு, பள்ளிக்கு என்றெல்லாம் விற்பார்கள். வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம். தெரு முழுக்க எட்டும். அவ்வளவு சக்தி பொது அனுமதிக்குள் வராது. லேபலும் இருக்காது. ஏதோ ஒரு வானொலியை அக்கம்பக்கத்தார் கேட்கவிடாமல் செய்துவிட்டால் புகார் போகும்.

நேரில் பார்த்து வாங்க வேண்டும் என்றால் புக்கிட் பிந்தாங்கில் லோ யாட் பிளாசா இருக்கிறது. கம்பி, அடாப்டர், இணைப்புத் தலை போன்ற உதிரிகளுக்குப் புடு பக்கம் ஜாலான் பசார் நல்லது. அங்கே வரிசையாக மின்னணு உதிரிப் பொருள் கடைகள்தான். என்ன இணைப்பு வேண்டும் என்று சொல்லத் தெரியாவிட்டால் கைப்பேசியையும் ரேடியோவையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். சரியானதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

உங்கள் கைப்பேசியில் ஹெட்போன் துளை இல்லை என்றால் டைப்-சியிலிருந்து 3.5 மில்லிமீட்டருக்கு மாற்றும் சின்ன இணைப்பு வேண்டும். 10 முதல் 20 வெள்ளி. எல்லாம் சேர்த்து, ரேடியோ ஏற்கெனவே இருந்தால், 100 வெள்ளியை ஒட்டி முடித்துவிடலாம்.

4. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு

முடிந்தால் வேண்டாம். உள்ளூரில் இருப்பு வைத்திருப்பவரிடம் வாங்கினால் சில நாளில் கைக்கு வரும். வெளிநாட்டிலிருந்து என்றால் இரண்டு மூன்று வாரம் ஆகலாம். காத்திருப்பது மட்டுமல்ல, ரேடியோ அலை அனுப்பும் கருவி என்பதால் சுங்கத்தில் நிறுத்திச் சான்று கேட்க வாய்ப்புண்டு. சான்று இல்லாத கருவிக்குச் சிரிமிடம் சிறப்பு அனுமதி கேட்கும் வழி இருக்கிறது. ஆனால் 50 வெள்ளிப் பெட்டிக்காக அந்த வேலையில் இறங்குவது கட்டுப்படியாகாது.

விலைக் கணக்கிலும் கவனம் தேவை. 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பக்கத்தில் காட்டும் விலையோடு இதையும் அஞ்சல் செலவையும் கூட்டிப் பார்த்தால் உள்ளூர் விலைக்கே வந்து நிற்கும்.

5. காலியான அலைவரிசையைத் தேடுவது

பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது. நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

எஃப்எம் என்பது 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. கோலாலம்பூரில் அந்த இடைவெளி நெருக்கமாக நிரம்பியிருக்கிறது. மின்னல் 92.3, ராகா 99.3 என்பது எல்லாருக்கும் தெரியும். அவற்றைத் தவிர பிஎஃப்எம் 89.9, ஹிட்ஸ் 92.9, ஃபிளை 95.8, சினார் 96.7, ஹாட் 97.6, 988 என்ற பெயரையே எண்ணாகக் கொண்ட 98.8, எரா 103.3, சூரியா 105.3, லைட் 105.7 என்று போய்க்கொண்டே இருக்கும். நகரத்துக்குள் கோலாலம்பூர் கோபுரம், வடக்கே மலைமேல் குனோங் உலு காலி என்று உயரமான இடங்களிலிருந்து வரும் அலைகள் இவை. செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ், புடு போன்ற இடங்களில் மிகப் பலமாக விழும்.

எஃப்எம்முக்கு ஒரு குணம் உண்டு. ஒரே எண்ணில் இரண்டு அலை வந்தால் பலமானது மற்றதை அமுக்கிவிடும். நம் சின்னப் பெட்டி கோபுரத்தோடு போட்டி போட முடியாது. அப்படிப் போட்டி போடவும் கூடாது. ஒரு வானொலியின் மேல் ஏறி ஒலிபரப்புவது சட்டப்படியும் தவறு, கேட்பவர்களுக்கும் இடைஞ்சல்.

தேடும் முறை இது:

பாட்டு எந்த ரேடியோவில் வரப்போகிறதோ அதே ரேடியோவை, அது வழக்கமாக இருக்கும் அதே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்மிட்டரை இன்னும் இயக்க வேண்டாம். கீழிருந்து மேலே மெதுவாகத் திருகிக்கொண்டே போங்கள். வெறும் ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல் சீராகக் கேட்கும் இடங்களைத் தாளில் குறியுங்கள். அந்த இரைச்சலுக்குள் மெல்லிய பேச்சோ பாட்டோ கேட்டால் அந்த இடம் காலி இல்லை, தூரத்து நிலையம் ஒன்று அங்கே இருக்கிறது. குறித்த எண்ணுக்கு இரண்டு பக்கமும் குறைந்தது 0.3 அல்லது 0.4 தள்ளித்தான் அடுத்த நிலையம் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 92.3க்கும் 92.9க்கும் நடுவில் 92.6 காலி போலத் தெரியும். ஆனால் இரண்டு பக்கமும் பலமான நிலையங்கள். பழைய ரேடியோ அவற்றில் ஒன்றை இழுத்துக்கொண்டுவிடும். அங்கே போகாதீர்கள்.

இதைக் காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, மழைக்குப் பிறகு ஒருமுறை செய்து பாருங்கள். எல்லா நேரத்திலும் காலியாக இருந்த எண்தான் உங்களுடையது. இன்னொரு ரேடியோவையும் அதன் இடத்தில் வைத்து அதே எண்ணைச் சோதியுங்கள். முன் அறையில் காலியாக இருப்பது சமையலறையில் காலியாக இல்லாமல் போகலாம்.

மேல் நுனியான 107.9, 108 பக்கம் போகாதீர்கள். 108 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் விமானங்களுக்கு வழிகாட்டும் அலைவரிசைகள் தொடங்குகின்றன. மலிவான பெட்டியின் அலை சொன்ன எண்ணில் மட்டும் நிற்காமல் கொஞ்சம் அக்கம்பக்கம் சிந்தும். சுபாங் விமான நிலையம் இருக்கும் ஊர் இது. அந்தப் பக்கத்தை விட்டுவிடுவது நம் பொறுப்பு.

பினாங்கில் இருப்பவர்கள் மேலே சொன்ன எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே வானொலி மாநிலத்துக்கு மாநிலம் வேறு எண்ணில் வரும். தேடும் முறை மட்டும் அதேதான்.

பழைய பொருள் விற்கும் பண்டல் கடையில் ஜப்பான் ரேடியோ வாங்கியவர்களுக்கு ஒரு சொல். ஜப்பானில் எஃப்எம் 76இலிருந்து தொடங்கும். பல பழைய ரேடியோக்கள் 90 வரைதான் பிடிக்கும். அப்படிப்பட்டது உங்களிடம் இருந்தால் 87.5க்கும் 90க்கும் நடுவில்தான் காலியிடம் தேட வேண்டும். கோலாலம்பூரில் அங்கேயும் கூட்டம்தான். ஒரு சாதாரண உள்ளூர் ரேடியோ வாங்குவது நிம்மதி.

6. பெட்டியை எங்கே வைப்பது

உயரமான இடம் நல்லது. எல்லா ரேடியோக்களுக்கும் நடுவில் இருந்தால் இன்னும் நல்லது. மர அலமாரியின் மேல், சுவர்த் தட்டின் மேல் வைக்கலாம். இரும்பு பீரோ, குளிர்சாதனப் பெட்டி, நுண்ணலை அடுப்பு இவற்றின் மேலும் பின்னாலும் வேண்டாம். உலோகம் அலையை மறைக்கும். ஜன்னல் இரும்புக் கிரில்லும் அப்படித்தான். ரேடியோவைக் கிரில்லை ஒட்டி வைத்திருந்தால் ஒரு முழம் உள்ளே தள்ளி வையுங்கள், வித்தியாசம் கேட்கும்.

பல சின்னப் பெட்டிகளுக்குத் தனி ஆன்டெனா கிடையாது. ஒலிக் கம்பியோ யூஎஸ்பி கம்பியோதான் ஆன்டெனாவாக வேலை செய்யும். அதனால் கம்பியைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்தால் தூரம் குறைந்துவிடும். கம்பியை நீட்டி நேராகத் தொங்கவிடுங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கான 75 செண்டிமீட்டர் அளவு கம்பி நேராக இருந்தால் நன்றாகப் போகும். எங்கள் வீட்டில் சுருளை அவிழ்த்து அலமாரி ஓரமாகத் தொங்கவிட்டதுமே சமையலறை ரேடியோவில் இருந்த கரகரப்பு போய்விட்டது. இதற்காகக் கூடுதல் கம்பியை ஒட்டுப் போடவோ, பெட்டியைத் திறந்து மாற்றவோ வேண்டாம். திறந்து மாற்றினால் சான்று செல்லாது, எட்டும் தூரமும் எல்லை மீறும்.

ரேடியோவின் ஆன்டெனாவையும் முழுக்க இழுத்து விடுங்கள். நிமிர்த்தி, சாய்த்து, படுக்கவைத்துப் பார்த்து நன்றாகக் கேட்கும் நிலையில் விட்டுவிடுங்கள்.

மின்சாரத்துக்குக் கைப்பேசியோடு வந்த நல்ல சார்ஜரைப் பயன்படுத்துங்கள். மலிவு சார்ஜர் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமலைச் சேர்க்கும். உறுமல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி: பெட்டியைச் சார்ஜரிலிருந்து கழற்றிப் பவர் பேங்கில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றுவிட்டால் சார்ஜரை மாற்றுங்கள். நிற்கவில்லை என்றால் அறையில் உள்ள எல்இடி விளக்கை அணைத்துப் பாருங்கள். சில மலிவு விளக்குகளும் ரேடியோவில் இரைச்சல் போடும்.

7. ஒலி எங்கிருந்து வர வேண்டும்

கைப்பேசியை இணைத்தால் வரும் பெரிய தொல்லை, அதற்கு வரும் எல்லாச் சத்தமும் ரேடியோவில் வந்துவிடும். வாட்ஸ்அப் மணி, அழைப்பு மணி, விளம்பரம் எல்லாம். அத்தை பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது சமையலறை முழுக்க யாரோ அழைக்கும் மணி அலறினால் எப்படி இருக்கும்? சிம் இல்லாத ஒரு பழைய கைப்பேசியை இதற்கென்றே ஒதுக்குங்கள். ஏர்பிளேன் மோடில் போட்டு, பாட்டுகளை முன்கூட்டியே பதிவிறக்கி வையுங்கள். இணையத்திலிருந்து நேராக ஓட்டினால் நடுவில் நிற்கும், விளம்பரமும் வரும்.

மெமரி கார்டு உள்ள பெட்டியை நான் விரும்புவது இதனால்தான். கைப்பேசியே வேண்டாம். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இப்படிப்பட்ட பல பெட்டிகள் பாட்டைப் பெயர் வரிசையில் ஓட்டாது, கார்டில் ஏறிய வரிசையில் ஓட்டும். காலையில் பக்திப் பாட்டு, அப்புறம் சொற்பொழிவு, அப்புறம் பழைய பாட்டு என்று வர வேண்டுமானால் அதே வரிசையில் ஒன்றொன்றாகக் கார்டில் ஏற்ற வேண்டும். எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே இழுப்பில் போட்டால் வரிசை குழம்பலாம். கோப்பின் பெயரைத் தமிழில் வைத்தால் திரையில் வெறும் கட்டமாகத் தெரியலாம். 001, 002 என்று எண்ணில் வைத்துவிடுங்கள். எம்பி3 வடிவமே பாதுகாப்பானது, மற்ற வடிவங்களைச் சில பெட்டிகள் தாண்டிப் போய்விடும்.

வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகளை எம்பி3 ஆக மாற்ற வேண்டும். மாற்றும்போது ஒலி அளவையும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பாட்டு சத்தமாகவும் பேச்சு முணுமுணுப்பாகவும் வரும். ஒவ்வொரு முறையும் பெரியவர் எழுந்து போய்க் குமிழைத் திருக வேண்டியிருக்கும். எல்லாக் கோப்புகளையும் ஒரே ஒலி அளவுக்குச் சமப்படுத்தும் இலவச மென்பொருள்கள் கணினிக்கு உண்டு. ஆடாசிட்டியிலேயே செய்யலாம். இதற்கு ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். கேட்பவருக்கு இதைவிட உதவியான வேலை வேறில்லை.

8. சத்தத்தைச் சரிசெய்வது

கைப்பேசியின் ஒலியை முழுக்க வைக்காதீர்கள். முக்கால் பங்கில் தொடங்குங்கள். ரேடியோவில் வேறொரு நிலையத்தைக் கேட்டுவிட்டு உங்கள் எண்ணுக்கு வாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சத்தத்தில் இருக்க வேண்டும். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும் இடத்தில் ஒலி பிளந்து கரகரத்தால் கைப்பேசியில் குறையுங்கள், ரேடியோவில் அல்ல. உள்ளே போகும் ஒலி அதிகமானால் அலையும் அகலமாகிப் பக்கத்து நிலையத்தில் சிந்தும்.

பெட்டியில் மோனோ, ஸ்டீரியோ தேர்வு இருந்தால் மோனோவில் வையுங்கள். வீட்டு ரேடியோவில் பெரும்பாலும் ஒரே ஸ்பீக்கர்தான். மோனோவில் இரைச்சல் நன்றாகக் குறையும்.

பேச்சில் ‘ச’, ‘ஸ’ வரும் இடங்கள் காதைக் கீறுவது போலக் கேட்டால், பெட்டி அமெரிக்காவுக்காகச் செய்ததாக இருக்கலாம். அங்கே எஃப்எம்மில் உச்ச ஒலிகளைத் தூக்கி அனுப்பும் அளவு 75 மைக்ரோ விநாடி, ஐரோப்பிய முறையில் 50. மாற்றும் வசதி இருந்தால் 50க்கு மாற்றுங்கள். இல்லையென்றால் கைப்பேசியின் ஈக்குவலைசரில் டிரெபிளைக் குறைத்தால் போதும்.

9. வேலிக்கு வெளியே எட்டுகிறதா?

பேட்டரியில் ஓடும் ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடங்கள், அப்புறம் பின் சந்துக்கு. கேட்டைத் தாண்டியதும் உங்கள் பாட்டு இரைச்சலில் கரைந்துபோனால் சரியாக இருக்கிறது என்று பொருள். தெருமுனை வரை தெளிவாகக் கேட்டால் சக்தி அதிகம். பெட்டியில் குறைக்கும் வசதி இருந்தால் குறையுங்கள், அல்லது பெட்டியை வீட்டின் உள்பக்கம் கீழே இறக்கி வையுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் மேலே, கீழே, இரண்டு பக்கமும் வீடுகள் இருப்பதால் ஒருமுறை அக்கம்பக்கத்தாரிடம் அவர்கள் ரேடியோவில் எதுவும் இடைஞ்சல் இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது.

கடையிலோ உணவகத்திலோ இதே முறையில் பாட்டுப் போட நினைப்பவர்களுக்கு: அது பொது இடம். பாட்டுகளுக்கு இசை உரிமம் தனியாக எடுக்க வேண்டும். இந்தக் கட்டுரை வீட்டுக்கு மட்டும்.

10. கேட்பவருக்கு எளிதாக்குவது

எண் திரை உள்ள ரேடியோ என்றால் உங்கள் எண்ணை நினைவுப் பொத்தான் ஒன்றில் பதியுங்கள். தானாகத் தேடும் பொத்தான் பலமில்லாத அலையில் நிற்காது. அதனால் கையால் எண்ணைக் கொண்டுவந்து பதிய வேண்டும். அடுத்த பொத்தானில் மின்னலைப் பதிந்து வையுங்கள், செய்தி நேரத்தில் அவர்களுக்கு அது வேண்டும்.

முள் நகரும் பழைய ரேடியோ என்றால், சரியான இடத்தில் முள் நிற்கும்போது கண்ணாடியின் மேல் ஓர் ஒட்டுப்பொட்டு ஒட்டிவிடுங்கள். அத்தையின் ரேடியோவில் சிவப்புப் பொட்டு எங்கள் பாட்டுக்கு, பச்சைப் பொட்டு மின்னலுக்கு. “சிவப்புக்கு வந்துட்டா நம்ம பாட்டு, அத்தை” என்று சொன்னது போதுமானதாக இருந்தது. அதன் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. அப்படிப்பட்ட ரேடியோவில் ஏஎஃப்சி என்று ஒரு விசை இருந்தால் அணைத்து வையுங்கள். அது இயங்கினால் முள் நகராமலே ரேடியோ பக்கத்துப் பலமான நிலையத்துக்கு இழுபட்டுக்கொண்டே இருக்கும்.

தினமும் குறித்த நேரத்தில் ஓட வேண்டுமானால் ஹார்டுவேர் கடையில் டைமர் பிளக் கிடைக்கும். ஆனால் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி கொடுத்தால் பெட்டி தானாக ஓடத் தொடங்குகிறதா? சில பெட்டிகள் பொத்தானை அழுத்தும் வரை சும்மா இருக்கும். சில தானாக ஓடும், ஆனால் அலைவரிசை பழைய எண்ணுக்குத் திரும்பிவிடும். இந்த இரண்டும் இல்லாத பெட்டிக்குத்தான் டைமர் பயன்படும். வாங்கும்போதே கடையில் கழற்றிச் செருகிக் காட்டச் சொல்லுங்கள்.

11. திடீரென்று நின்றுபோனால்

பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் நின்றுபோய்விட்டது என்றால், ஒலி வராவிட்டால் தானாக அணையும் வசதி அந்தப் பெட்டியில் இருக்கிறது. பாட்டுகளுக்கு நடுவில் நீண்ட மௌனம் இல்லாமல் கோப்புகளை வெட்டிவிடுங்கள்.

பல நாள் நன்றாக ஓடியது திடீரென்று வேறு குரலோடு கலந்து வருகிறது என்றால், அந்த எண்ணில் புதிதாக ஒரு நிலையம் வந்திருக்கலாம், அல்லது பக்கத்தில் யாரோ இதேபோல் ஒரு பெட்டி வைத்திருக்கலாம். தெருவில் நிற்கும் காரிலிருந்தும் வரலாம். இரண்டு நாள் பாருங்கள். தொடர்ந்தால் நீங்கள்தான் விலகிப் போக வேண்டும். இந்த வகைக் கருவிகளுக்கு இடைஞ்சலிலிருந்து பாதுகாப்புக் கேட்கும் உரிமை கிடையாது. 5ஆம் பகுதியில் குறித்து வைத்த தாளிலிருந்து அடுத்த காலியிடத்தை எடுங்கள். அந்தத் தாளைத் தூக்கி எறியாதீர்கள்.

மாலை நேரத்தில் இடி மின்னல் தொடங்கினால் டிரான்ஸ்மிட்டரையும் ரேடியோவையும் பிளக்கிலிருந்தே கழற்றிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வீட்டில் யார் இருந்தாலும் செய்யும்படி பிளக்கின் மேல் ஒரு சின்னத் துண்டுத் தாளில் ‘ரேடியோ’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள். மழை விட்டபின் செருகும்போது அலைவரிசை எண் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.